அக்கரையில் பேசிவிட்டார்கள்

பினாங்கில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மெடானில் இறங்கிவிடலாம். மருத்துவத்துக்காக மெடான்காரர்கள் ஜார்ஜ்டவுன் மருத்துவமனைகளுக்கு வருவதும் போவதும் அன்றாட நடப்பு. அந்த நகரத்தையும் அதைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களையும் களமாகக் கொண்ட இரண்டு ஆவணப்படங்கள், இந்தோனேசியா அரை நூற்றாண்டாக வாய் திறக்காமல் வைத்திருந்த ஒரு சங்கதியை உலகமே பேசும்படி செய்தன. மலாக்கா நீரிணைக்கு இந்தப் பக்கம் இருக்கும் தமிழர்கள் அந்தப் படங்கள் பிறந்த கதையைத் தெரிந்துகொள்வது அவசியம். அது தொடங்கியது ஒரு தோட்டத்தில், மருந்தடிக்கும் பெண்களிடமிருந்து.

2000க்குப் பிறகான தொடக்க ஆண்டுகளில் ஜோஷுவா ஓப்பன்ஹைமர் என்ற அமெரிக்க இளைஞர் வட சுமத்ரா தோட்டத் தொழிலாளர்களுடன் சேர்ந்து ஒரு படம் எடுக்கப் போனார். அங்கே பெண்கள் பாதுகாப்பு உடை ஏதும் இல்லாமல் களைக்கொல்லி தெளித்துக்கொண்டிருந்தார்கள். ஈரல் கெட்டு, நாற்பதுகளிலேயே பலர் செத்துக்கொண்டிருந்தார்கள். பாதுகாப்பு உடை வேண்டும் என்று சங்கம் கேட்டது. அடியாட்கள் வந்து மிரட்டினார்கள். மறு பேச்சில்லாமல் தொழிலாளர்கள் கோரிக்கையைக் கைவிட்டார்கள். உயிர் போகிற விஷயத்தில் ஏன் இவ்வளவு அச்சம்? 1965இல் தொழிற்சங்கத்தில் இருந்த ஒரே காரணத்துக்காக அவர்களுடைய அப்பாக்களும் தாத்தாக்களும் கொல்லப்பட்டிருந்தார்கள். கொன்றவர்கள் அதே ஊரில், செல்வாக்கோடு, அக்கம்பக்கத்தில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் இந்தோனேசியாவில் கொல்லப்பட்டவர்கள் 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. ஓப்பன்ஹைமர் 2012இல் வெளியிட்ட ‘தி ஆக்ட் ஆஃப் கில்லிங்’ படத்தில், கொலைகாரர்களே கேமரா முன் வந்து தாங்கள் செய்ததை நடித்துக் காட்டினார்கள். 2014இல் வந்த ‘தி லுக் ஆஃப் சைலன்ஸ்’ அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நின்றது. ஆதி ருக்குன் என்பவர் மூக்குக்கண்ணாடிக்குக் கண் பார்க்கிறவர். அவர் பிறப்பதற்கு முன்பே அவருடைய அண்ணனைக் கொன்றுவிட்டார்கள். கொன்ற கிழவர்களின் வீட்டுக்கே அவர் போகிறார். கண் பரிசோதிக்கும் அந்தக் கனத்த சட்டத்தை அவர்கள் மூக்கில் மாட்டுகிறார். ஒரு வில்லையை எடுத்து இன்னொன்றைப் போடுகிறார். “இப்போது தெளிவாகத் தெரிகிறதா?” என்பது போன்ற சாதாரணக் கேள்விகளுக்கு நடுவே, அன்று என்ன செய்தீர்கள் என்றும் கேட்கிறார். குரலை உயர்த்துவதில்லை. பதில் சொல்கிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். நூறு வரலாற்றுப் புத்தகங்கள் சொல்லியும் உறைக்காத ஒன்று, ஒரு தம்பியின் பார்வையில் உறைக்கிறது.

இந்தப் படங்களில் வேலை செய்த இந்தோனேசியர்கள் பலருடைய பெயர், இணை இயக்குநர் உட்பட, பெயர்ப் பட்டியலில் ‘பெயர் குறிப்பிடாதவர்’ என்றே வருகிறது. அப்படியிருந்தும் படம் மக்களிடம் போய்ச் சேர்ந்தது. முதல் படத்தைத் தணிக்கைக்கு அனுப்பாமல், பல்கலைக்கழக அறைகளிலும் வீடுகளிலும் கலைக்கூடங்களிலும் அழைப்பின்பேரில் போட்டுக் காட்டினார்கள். பிறகு அந்நாட்டவர் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளவும் வழி செய்தார்கள். இரண்டாவது படத்தின் முதல் திரையிடலை ஜகார்த்தாவில் நடத்தியவர்களில் அந்நாட்டு தேசிய மனித உரிமை ஆணையமும் ஒன்று.

இனி இக்கரைக்கு வருவோம். பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தெளித்த மலேசியத் தோட்டப் பெண்களின் நிலை குறித்து தெனாகனித்தா என்ற பெண்கள் அமைப்பும், பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பூச்சிமருந்து எதிர்ப்பு அமைப்பும் 2002இலேயே ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டன. நகம் கழன்றது, மூக்கில் ரத்தம் வந்தது, கண் எரிந்தது என்று பெண்கள் சொன்னார்கள். அவர்களில் பெரும்பகுதி தமிழ்ப் பெண்கள். 2002இல் அறிவிக்கப்பட்ட தடை 2006இல் தளர்த்தப்பட்டது. பாராகுவாட் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 2020 ஜனவரியில்தான். அறிக்கை இருக்கிறது, தடையாணை இருக்கிறது. ஆனால் பதினெட்டு ஆண்டுகள் மருந்துத் தோம்பை முதுகில் சுமந்த அந்த அம்மாக்களின் முகம் இந்த நாட்டின் நினைவில் பதிந்திருக்கிறதா?

வரலாறு ஏட்டில் இருக்கிற சமூகங்களுக்குப் படம் ஒரு கூடுதல் வசதி. வரலாறு வாயில் மட்டுமே இருக்கிற சமூகத்துக்கு ஆவணப்படம்தான் ஏடு. மலேசியத் தமிழர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது வகை. ஆகவே, படம் எடுப்பதற்கும் அதைக் கூடிப் பார்ப்பதற்கும் போடப்படும் ஒவ்வொரு தடையும் மற்ற யாரையும்விட இவர்களையே அதிகம் வெறுங்கையராக்குகிறது.

கேமரா யார் கையில் இருந்தது

மலாயாத் தமிழன் திரையில் வராமல் இல்லை. 1946இல் பிரிட்டிஷ் அரசு மலாயன் ஃபிலிம் யூனிட்டை அமைத்தது. அதன் படங்களுக்கு மலாய், சீனம், ஆங்கிலம், தமிழ் நான்கிலும் விளக்கவுரை உண்டு. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தில் படவண்டிகள் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் போய், திடலில் வெள்ளைத்துணி கட்டி அவற்றைக் காட்டின. சுத்தமாக இருப்பது எப்படி, கம்யூனிஸ்டுகளிடம் எச்சரிக்கையாக இருப்பது எப்படி, அரசு உங்களுக்காக என்னவெல்லாம் செய்கிறது: இவைதான் உள்ளடக்கம். பால்மரம் வெட்டுகிறவரும் மண்டோரும் ஆயக்கொட்டகையில் தூங்கும் பிள்ளையும் காட்சியில் வருவார்கள். பேசுவது மட்டும் வேறொருவரின் குரல். அந்தத் தமிழும் அவர்கள் பேசிய தமிழ் அல்ல.

ஆனால் தமிழர் கையில் கேமரா வந்தது அதற்கு முன்பே. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்து ரங்கூனில் பத்திரிகை நடத்திய ஏ.கே. செட்டியார், காந்தியைப் பற்றிய தமது ஆவணப்படத்தை 1940இல் தமிழில் வெளியிட்டார். நான்கு கண்டங்களில் ஏறக்குறைய ஒரு லட்சம் மைல் அலைந்து, 50,000 அடி படச்சுருள் சேர்த்து, அதிலிருந்து 12,000 அடியைத் தொகுத்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பினாங்கு ஸ்திரீட்டில் கிட்டங்கி வைத்திருந்த நகரத்தார் உலகத்திலிருந்து வந்த பிள்ளை அவர். கடல் கடந்த தமிழர்களிடம் பணமும் துணிவும் சேர்ந்திருந்தால் எதைச் செய்ய முடியும் என்பதற்கு அவரே சான்று.

அந்தத் துணிவு தோட்டப்புறத்துப் பக்கம் திரும்பப் பல பத்தாண்டுகள் ஆயின. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த சயாம்–பர்மா ரயில்பாதை இதற்குக் கசப்பான உதாரணம். நீளம் 415 கிலோமீட்டர். வேலைவாங்கப்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேரில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. கற்களில் பெயர்கள் உண்டு. 1957இல் வந்த ஹாலிவுட் படமும் உண்டு. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 80,000 முதல் ஒரு லட்சம் வரை என்பது மதிப்பீடு. அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்கள் கணிசமானவர்கள். அவர்களுக்குப் பெயர்ப்பட்டியல்கூடக் கிடையாது. இலவசப் படம் காட்டுகிறோம் என்று கொட்டகைக்கு வரவழைத்து, கதவைச் சாத்தி, நேராக ரயிலேற்றினார்கள் என்ற சாட்சியங்கள் இருக்கின்றன. படம் பார்க்கப் போன ஆள் வீடு திரும்பவில்லை.

ஆர். சண்முகம் போன்ற மலேசிய எழுத்தாளர்கள் இதை நாவலாக எழுதினார்கள். நாடோடிகள் குழுவினர் 2014இல் ‘சயாம் பர்மா மரண ரயில்’ ஆவணப்படத்தை வெளியிட்டபோது, உயிரோடு எஞ்சியிருந்தவர்கள் எண்பதையும் தொண்ணூறையும் தொட்டிருந்தார்கள். எழுபது ஆண்டு தாமதமாகப் போன கேமரா அது. இருந்தாலும் அது போய்ச் சேர்ந்ததால்தான் கை நடுங்கப் பேசும் சில முதியவர்களின் சொந்தக் குரல் நமக்குக் கிடைத்தது. இன்னும் பத்து ஆண்டு தள்ளிப்போட்டிருந்தால் பேரப்பிள்ளைகள் கேட்டுச் சொன்னதுதான் மிஞ்சியிருக்கும்.

ஒரு தாத்தாவின் பெயரில்

சீன சமூகத்திலிருந்து வந்த லாவ் கெக் ஹுவாட் செய்ததை இங்கே சொல்ல வேண்டும். பேராக் சித்தியவானில் வளர்ந்த அவருடைய வீட்டில் தாத்தாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தாத்தா மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்து, அவசரகாலத்தில் இறந்தவர். அந்த மௌனம் தம் அப்பாவை எப்படி வளர்த்தது, அப்பா தம்மை எப்படி வளர்த்தார் என்ற கேள்வியைத்தான் அவர் பின்தொடர்ந்தார். 2016இல் முடிந்த ‘ஆப்சென்ட் வித்தவுட் லீவ்’ படம், தென் தாய்லாந்திலும் சீனாவிலும் வாழ்ந்த முதிய போராளிகளை ஒவ்வொருவராகச் சந்திக்கிறது. ஒரு குடும்பத்தின் கதவைத் தட்டப் போய், ஒரு நாட்டின் பூட்டிய அறையைத் திறந்துவிட்டார். மலேசியாவில் படத்துக்குத் தடை. இயக்குநர் அதை இணையத்தில் மலேசியர்களுக்கு இலவசமாகத் திறந்துவிட்டார்.

இயக்குநர் அமீர் முகம்மதுவுக்கு இந்த அனுபவம் பத்தாண்டுக்கு முன்பே வாய்த்தது. மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கின் வாழ்க்கைப் பாதையில் இருந்த ஊர்களை ஒவ்வொன்றாகக் கடக்கும் ‘லெலாக்கி கொமுனிஸ் தெராக்கிர்’ 2006இல் தணிக்கை வாரியத்திடம் ஒரு வெட்டுகூட இல்லாமல் அனுமதி பெற்றது. ஒரு நாளேடு எதிர்ப்பைக் கிளப்பியதும் உள்துறை அமைச்சு தடை போட்டது. சின் பெங்கின் முகத்தைப் படத்தில் ஒரு தடவைகூடக் காட்டவில்லை என்பதையும் யாரும் பொருட்படுத்தவில்லை. தென் தாய்லாந்துக் கிராமத்தில் வாழும் மலாய் கம்யூனிஸ்டுகளைப் பற்றிய அடுத்த படத்துக்கும் 2007இல் அதே கதி.

அதே அமீர் 2009இல் ‘மலேசியன் காட்ஸ்’ என்ற படத்தை எடுத்தார். 1998இல் அன்வார் இப்ராகிம் பதவி நீக்கப்பட்டதைத் தொடர்ந்து ஆர்ப்பாட்டங்கள் நடந்த கோலாலம்பூர் தெருக்களுக்கு, பத்தாண்டு கழித்துப் போய் அங்குள்ளவர்களிடம் பேச்சுக் கொடுக்கிறது படம். பேசுகிறவர்கள் தமிழில் பேசுகிறார்கள். நாட்டின் அரசியலைப் பற்றிய ஒரு படம் தமிழை இந்தியர் பிரச்சினைக்கான மொழியாக ஒதுக்காமல், மலேசியாவைப் பற்றிப் பேசுவதற்கான மொழியாகவே எடுத்துக்கொண்டது. அப்படிச் செய்தவர் ஒரு மலாய் இயக்குநர். மலேசியத் தமிழ்த் திரைத்துறையினர் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

ஆறாவது பிரிவு

மலேசியாவில் ஓர் ஆவணப்படத்தைப் போட்டுக் காட்டியதற்காக நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர் லீனா ஹென்றி. அந்தப் படமும் தமிழர்களைப் பற்றியதுதான். 2009இல் இலங்கையின் வன்னியில் கடைசி மாதங்களில் நடந்த போரைப் பற்றி கேலம் மெக்ரே எடுத்த ‘நோ ஃபயர் ஸோன்’. சிக்கியிருந்த மக்களும், வெற்றிச் சின்னமாக வைத்துக்கொள்ளப் படையினரும் கைப்பேசியில் எடுத்த காட்சிகள் அதில் இருக்கின்றன. 2013 ஜூலை 3ஆம் தேதி கோலாலம்பூர்–சிலாங்கூர் சீன அசெம்பிளி மண்டபத்தில் கோமாஸ் என்ற மனித உரிமை அமைப்பு அதைத் திரையிட்டது. திரையிட வேண்டாம் என்று இலங்கைத் தூதரகம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தது. அதிகாரிகள் கூட்டமாக மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். படம் ஓடி முடிந்தது. பார்வையாளர்களின் அடையாள அட்டைகளைச் சோதித்தார்கள். ஏற்பாட்டாளர்கள் மூவரைக் கைதுசெய்தார்கள்.

அந்த மூவரில் லீனா ஹென்றி மீது மட்டும் செப்டம்பரில் வழக்கு வந்தது. 2002ஆம் ஆண்டு திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, வாரியத்தின் அனுமதி பெறாத எந்தப் படத்தையும் வைத்திருப்பதையும் பரப்புவதையும் காட்டுவதையும் குற்றமாக்குகிறது. 5,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இந்தப் பிரிவு அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்ற வாதத்தைக் கூட்டரசு நீதிமன்றம் 2015இல் தள்ளுபடி செய்தது. மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 2016 மார்ச்சில் அவரை விடுவித்தது. அரசுத் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது. உயர்நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. 2017 பிப்ரவரியில் குற்றவாளி என்ற தீர்ப்பு வந்தது. மார்ச்சில் 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. ஒரு மாலைத் திரையிடலுக்காக ஏறத்தாழ நான்கு ஆண்டு அலைச்சல்.

6ஆம் பிரிவைக் கொஞ்சம் நிறுத்தி வாசித்துப் பார்க்க வேண்டும். கட்டணம் வாங்கிக் காட்டும் வணிகத் திரையரங்கையும், நாற்காலி போட்டு நாற்பது பேருக்குக் காட்டும் சங்கக் கட்டடத்தையும் அது ஒரே தட்டில் வைக்கிறது. இந்தோனேசியாவில் 1965இன் மௌனத்தை உடைத்த அழைப்புத் திரையிடல்கள் இங்கே நடந்திருந்தால், வீட்டைத் திறந்துவிட்ட ஒவ்வொருவர் மீதும் வழக்குப் போட இடம் உண்டு. 2003இல் தொடங்கிய ஃப்ரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட் என்ற திரைப்பட விழா, பினாங்கு உட்படப் பல ஊர்களுக்குத் தன் படங்களை எடுத்துச் செல்வது இந்தக் கத்திக்குக் கீழேதான். 2021இல், காவலில் ஒரு சிறுவன் வதைக்கப்பட்டதாகச் சொல்லும் சிறிய அனிமேஷன் படத்துக்காக, ஃப்ரீடம் ஃபிலிம் நெட்வொர்க் அலுவலகத்திலும் ஓவியர் அமின் லண்டாக்கின் வீட்டிலும் போலீஸ் சோதனை நடந்தது.

பல இனங்கள் வாழும் நாட்டில் பழைய புண்களைக் கிளறினால் அமைதி கெடும் என்பது அரசாங்கம் எப்போதும் சொல்லும் காரணம். அந்தக் கவலையை அப்படியே ஒதுக்கிவிட முடியாது. 1957இல் ஜார்ஜ்டவுனிலேயே இனக்கலவரம் நடந்தது. 1967 ஹர்த்தாலிலும் பினாங்கில் உயிர்கள் போயின. 1969 மே 13இல் தொடங்கிய கலவரத்தில் இறந்தவர்கள் அதிகாரபூர்வக் கணக்கில் 196 பேர். ஆனால் அந்தக் கணக்கை இன்றுவரை நம்பாதவர்கள் எத்தனை பேர்! ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மே 13 இருக்கிறது. மலாய் வீட்டில் ஒன்று, சீன வீட்டில் வேறொன்று. இந்தியக் குடும்பங்களிடம் யாரும் கேட்பதேயில்லை. சாட்சியத்தை அடைத்துவைத்த இடத்தில் வதந்திதான் ஐம்பது ஆண்டாகக் குடியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் இழப்பை அவர் வாயாலேயே கேட்கும் வாய்ப்பு மக்களுக்குக் கிடைத்தால், வதந்திக்கு இருக்கும் பலம் குறையும்.

நம் வீட்டுத் தணிக்கை

அரசாங்கத்தை மட்டும் கைகாட்டிவிட்டுத் தமிழர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. இலங்கைத் தமிழரான ஜூட் ரத்னம் பத்தாண்டு உழைத்து எடுத்த ‘டீமன்ஸ் இன் பாரடைஸ்’ 2017இல் கான் விழாவில் சிறப்புத் திரையிடலுக்குத் தேர்வானது. 1983 ஜூலையில் சிறுவனாகக் கொழும்பை விட்டு ரயிலில் ஓடிய நினைவில் தொடங்கும் அந்தப் படம், தமிழ் இயக்கங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டதையும் பேசுகிறது. பேசுகிறவர்களில் அவருடைய சொந்த மாமாவும் ஒருவர். மறு ஆண்டு யாழ்ப்பாணத் திரைப்பட விழாவில், எதிர்ப்பு கிளம்பியதும் படத்தை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். படத்தின் அரசியலோடு கடுமையாக மாறுபட எல்லாருக்கும் உரிமை உண்டு. அதைப் பார்த்துவிட்டு மாறுபடுவதற்கான வாய்ப்பு யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இல்லாமல் போனது.

தமிழ்நாட்டில் 2017இல் மலக்குழியில் இறங்கும் தொழிலாளர்களைப் பற்றி ‘கக்கூஸ்’ எடுத்த திவ்யபாரதி, பொதுத் திரையிடலுக்கு இடையூறு வந்ததும் படத்தை யூடியூபில் போட்டார். சாதியைப் பற்றி வெளிப்படையாகப் பேசியதற்காக மிரட்டல்கள் குவிந்தன. அதற்கு முன்பே, 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதைப் பாரதி கிருஷ்ணகுமார் ‘ராமய்யாவின் குடிசை’யில் பதிவுசெய்தார். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் ஊர்வலம் 1999 ஜூலை 23இல் தாமிரபரணியில் 17 பேரின் சாவில் முடிந்ததை ஆர்.ஆர். சீனிவாசனின் ‘நதியின் மரணம்’ பதிவுசெய்தது. தோட்டத் தொழிலாளி கூலி கேட்டு நடந்த கதை என்பதால், கெடாவிலும் செபராங் பிறையிலும் இருக்கும் தமிழர்களுக்கு அந்தப் படம் அந்நியமாகத் தோன்றாது.

மலேசியத் தமிழ்ச் சமூகத்துக்குள்ளும் வெளியே சொல்லக்கூடாது என்று வைத்திருக்கும் பட்டியல் நீளம். கல்யாணத்தில் சாதி, கோயில் நிர்வாகச் சண்டை, குண்டர் கும்பல், கள்ளுக்கடை அழித்த குடும்பங்கள், சிவப்பு ஐ.சி.யோடு முதுமையடைந்து எந்த நாட்டுக்கும் உரியவராகாமல் போன பாட்டிகள். இவற்றில் சிலவற்றைத் தொட்ட ‘ஜகாட்’ என்ற கதைப்படம் 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. அவ்விருதைப் பெற்ற முதல் தமிழ்ப் படம் அது. கதைப்படத்தில் ஏற்றுக்கொண்ட உண்மையை, சொந்தப் பெயரோடும் சொந்த முகத்தோடும் ஒருவர் சொல்லும்போதும் ஏற்கும் மனம் வர வேண்டும்.

பினாங்குக்காரர்களுக்கு இதைக் கம்போங் புவா பாலாவைவிட வேறெதுவும் தெளிவாகச் சொல்லாது. கெலுகோரில் மாடும் ஆடுமாக வாழ்ந்த அந்தத் தமிழ்க் கிராமத்தை, பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் பெயரால் ‘ஹை சாப்பரல்’ என்று அழைத்தார்கள். நிலம் அரசு ஊழியர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய், அங்கிருந்து வீடமைப்பு நிறுவனத்துக்குப் போனது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்று தோற்றது. 2009 செப்டம்பரில் இடித்தார்கள். நிலத்தை மாற்றிக் கொடுக்க ஒப்புதல் தந்தது முந்தைய மாநில அரசு. இடிபட்டபோது ஆட்சியில் இருந்தது மக்கள் நம்பி வாக்களித்த புதிய கூட்டணி. இரட்டை மாடி வீடு ஈடாக வந்தபோது, வாங்கிக்கொண்டவர்களும் மறுத்தவர்களுமாக இருபதுக்குச் சற்று அதிகமான குடும்பங்கள் கொண்ட கிராமம் இரண்டாகப் பிரிந்தது. ஒரே கோயிலில் பொங்கல் வைத்தவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அன்று எடுத்த கைப்பேசிக் காட்சிகள் கோஷத்தையும் கண்ணீரையும் காட்டின. அந்தக் குடும்பங்கள் ஒவ்வொன்றின் கணக்கையும், வாங்கியவர் ஏன் வாங்கினார், மறுத்தவர் ஏன் மறுத்தார் என்பதையும், ஆண்டுகள் கழித்துப் பொறுமையாக உட்கார்ந்து கேட்கும் படம்தான் இனி வேண்டியது. கட்சிகள் கேட்க விரும்பாத பதில்கள் அதில் வரும்.

ஜார்ஜ்டவுனில் செய்யக்கூடியது

2008 ஜூலை 7இல் மலாக்காவோடு சேர்ந்து ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்குள் நகரின் பழைய குடும்பங்கள் கலைந்துவிட்டிருந்தன. போருக்கு முந்தைய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000 தொடக்கத்தில் வாடகை சந்தை விலைக்குப் போனது. தலைமுறை தலைமுறையாகக் கடைவீட்டு மாடியில் இருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். ஆர்மீனியன் ஸ்திரீட் சுவரோவியத்துக்கு முன் படம் பிடித்துக்கொள்ள இன்று வரிசை நிற்கிறது. சுவரைப் பாதுகாக்க விதிமுறைகள் கட்டுக்கட்டாக உள்ளன. அந்தச் சுவருக்குள் குடியிருந்தவரின் பேச்சைப் பாதுகாக்க அவ்வளவு அக்கறை காட்டப்படவில்லை. பினாங்கு பாரம்பரிய அறக்கட்டளையும், ஜேனட் பிள்ளை வழிநடத்திய ஆர்ட்ஸ்–எட் அமைப்பும் வாய்மொழி வரலாற்றில் நல்ல வேலை செய்திருக்கின்றன. அதை அசையும் படமாக, தமிழில், பெரிய அளவில் கொண்டுபோக வேண்டும்.

பொருளுக்குப் பஞ்சமே இல்லை. 1926 முதல் 1973 வரை நாகப்பட்டினத்தையும் பினாங்கையும் இணைத்த ‘ராஜுலா’ கப்பலில் வந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களை இறக்கித் தனிமைப்படுத்திய ஜெரெஜாக் தீவு, ஜார்ஜ்டவுனுக்குக் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நிபோங் திபாலில் வாழ்கிறார்கள். 1942இல் இந்திய விடுதலைக்காக ரகசியப் பயிற்சி தந்த சுவராஜ் நிலையம் இந்தத் தீவில்தான் இயங்கியது. இங்கிருந்து நீர்மூழ்கியில் அனுப்பப்பட்டவர்களில் வக்கம் அப்துல் காதர் மறு ஆண்டு சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். பக்கத்துக் கெடாவில் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி நடத்திய தொண்டர் படை, கள்ளுக்கு எதிராகத் தோட்டத் தமிழர்களைத் திரட்டியது. அந்த இயக்கத்தைச் சிறுபிள்ளையாகப் பார்த்தவருக்குக்கூட இன்று எண்பத்தைந்து வயதுக்கு மேல்.

இதற்குப் பெரிய பட்ஜெட் வேண்டாம். பெரும் பொறுமை வேண்டும். முதியவரின் வீட்டில் படம்பிடித்தவர்களுக்குத் தெரியும்: முதலில் மின்விசிறியை நிறுத்த வேண்டும், குளிர்ப்பெட்டியின் மின்செருகியை உருவ வேண்டும், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். வெக்கையில் பாட்டிக்கு வியர்க்கும். முதல் நாள் அவர் ஊர் மெச்சும் கதையைத்தான் சொல்வார். கங்காணி நல்லவர், துரை நல்லவர், சாமி காப்பாற்றியது. மூன்றாவது, நான்காவது சந்திப்பில், கேமரா இருப்பதே மறந்தபின், மகள் இறந்த கதை வரும். அப்போது படத்தை நிறுத்துவதா தொடர்வதா என்று முடிவெடுக்கத் தெரிந்தவரே ஆவணப்படக்காரர். எடுத்ததைக் குடும்பத்துக்கு முதலில் போட்டுக் காட்டி, வேண்டாம் என்றதை நீக்கும் ஒழுங்கும் இந்த வேலையின் பகுதிதான். துயரத்தை வாங்கிப்போய் விழாவில் விற்றார்கள் என்ற பழி ஆவணப்படக்காரர்கள் மீது பல நாடுகளில் உண்டு. அது எல்லா நேரமும் பொய்யான பழி அல்ல.

செய்ய வேண்டியவை திட்டவட்டமானவை. மாநில அரசு தன் பாரம்பரிய நிதியில் ஒரு பகுதியை வாய்மொழி ஆவணப்படங்களுக்கென ஒதுக்க வேண்டும்; அதில் தமிழுக்கு உரிய பங்கு இருக்க வேண்டும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஊடக மாணவர்களைத் தோட்டப்புறத்துக்கு அனுப்பலாம். மலாயன் ஃபிலிம் யூனிட்டின் தமிழ் விளக்கவுரைப் படங்களை மின்னாக்கம் செய்து, பொதுமக்கள் பார்க்கும்படி திறந்துவிட வேண்டும்; அவற்றில் வரும் முகங்களை அடையாளம் காட்டக்கூடியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். கோயில் மண்டபங்களும் தமிழ்ப்பள்ளிகளும் சங்கங்களும் ஆண்டுக்கு ஒரு நாளாவது இத்தகைய படங்களுக்கு இடம் தர வேண்டும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட லட்சக்கணக்கில் திரட்டும் சமூகத்துக்கு இது சுமையாகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, 2002 சட்டத்தின் 6ஆம் பிரிவில் நாடாளுமன்றம் ஒரு விலக்கைச் சேர்க்க வேண்டும்: கட்டணமின்றி, கல்விக்காகவும் பண்பாட்டுக்காகவும் காட்டப்படும் ஆவணப்படங்களுக்கு முன் அனுமதி தேவையில்லை. வன்முறையைத் தூண்டும் படத்தைத் தடுக்கக் குற்றவியல் சட்டத்தில் போதுமான பிரிவுகள் ஏற்கெனவே உண்டு. பினாங்கிலிருந்து நாடாளுமன்றம் போகும் பதின்மூன்று உறுப்பினர்களில் பலர், எதிர்க்கட்சி வரிசையில் இருந்த காலத்தில் தணிக்கைக்கு எதிராகப் பேசிய கட்சிகளைச் சேர்ந்தவர்கள். இன்று ஆளும் வரிசையில் இருக்கிறார்கள். இந்த ஒரு திருத்தத்தை அவர்கள் முன்மொழிய வேண்டும்; தொகுதித் தமிழர்கள் அடுத்த தேர்தல் வரை காத்திராமல் அதை இப்போதே அவர்களிடம் கேட்க வேண்டும்.